சூம் லென்சைக் கையாளும் முறை

தோட்டத்துக் கோயில் திருவிழாவிலே இப்பொழுது படம் எடுக்காத கையைக் காண்பது அரிது. பெரும்பாலும் கைத்தொலைபேசிதான். ஆனாலும் கூட்டத்தில் இரண்டொரு இளைஞர்கள் கழுத்திலே பெரிய கேமராவைத் தொங்கவிட்டிருப்பார்கள். அதன் முன்னே நீண்ட குழாய் போல ஒரு லென்ஸ் இருக்கும். வேறொருவர் பயன்படுத்தி விற்றதை, பல மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருப்பார்கள். திருவிழா முடிந்து வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் முகங்கள் கலங்கியிருக்கும். பாதிப் படம் இருண்டிருக்கும். "என்னடா தம்பி, இதற்கா இத்தனை வெள்ளி கொடுத்தாய்? தங்கச்சி போனில் எடுத்ததே நன்றாக இருக்கிறதே" என்று அம்மா கேட்பார்.

குற்றம் பெரும்பாலும் கருவியில் இருப்பதில்லை. சூம் லென்ஸ் தூரத்தில் உள்ளதைக் கிட்டே கொண்டுவந்து கொடுக்கும். அதற்குக் கூலியாக வெளிச்சத்தையும் கையின் உறுதியையும் நம்மிடம் கேட்கும். இந்தக் கூலியை எப்படிக் கொடுப்பது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

லென்சின் விளிம்பிலே 18-55 என்றோ, 55-200 என்றோ, 70-300 என்றோ எண்கள் எழுதியிருக்கும். இவை மில்லிமீட்டரில் சொல்லப்படும் குவியத் தூரம். எண் சிறியதானால் அகன்ற காட்சி தெரியும். பெரியதானால் குறுகிய காட்சி பெரிதாகத் தெரியும். கோயில் வாசலுக்கு எதிரே ஓரிடத்தில் நின்று 18-இல் பார்த்தால் கோபுரம், பந்தல், கூட்டம் எல்லாம் அடங்கும். நின்ற இடத்தை விட்டு நகராமல் 200-க்குத் திருப்பினால் பூசாரியின் கையிலுள்ள தீபத்தட்டு மட்டும் சட்டத்தை நிறைக்கும். 35 மில்லிமீட்டர் பிலிம் போடும் கேமராக்களுக்கென்று முதன்முதலில் விற்பனைக்கு வந்த சூம் லென்ஸ் 1959-இல் வெளிவந்தது. ஃபாய்க்ட்லேண்டர் நிறுவனத்தின் சூமர் என்னும் அந்த லென்ஸ் 36-இலிருந்து 82 மில்லிமீட்டர் வரை செல்லும். அதற்கு முன்பெல்லாம் காட்சியைப் பெரிதாக்க வேண்டுமானால் லென்சைக் கழற்றி வேறொன்றை மாட்டவேண்டும், அல்லது நடந்து கிட்டே போகவேண்டும்.

கைத்தொலைபேசியில் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குகிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்கலாம். சில தொலைபேசிகளில் தூரத்துக்கென்று தனி லென்ஸ் உண்டு. அதன் எல்லையைத் தாண்டிய பிறகு நடப்பது, எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் வேலைதான். சூம் லென்சிலோ உள்ளே இருக்கும் கண்ணாடிகளே முன்னும் பின்னும் நகர்ந்து காட்சியைப் பெரிதாக்குகின்றன.

இனி வெளிச்சத்துக்கு வருவோம். அதே விளிம்பில் 3.5-5.6 என்று இன்னொரு சோடி எண் இருக்கும். இது லென்சின் துவாரம் எவ்வளவு திறக்கும் என்பதைக் குறிப்பது. இங்கே கணக்கு தலைகீழானது: எண் சிறியதாக இருந்தால் துவாரம் பெரியது. அகன்ற முனையில் லென்ஸ் 3.5 வரை திறக்கும். நீண்ட முனைக்குப் போனால் 5.6-க்கு மேல் திறக்காது. 3.5-இல் உள்ளே வரும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்குதான் 5.6-இல் வரும். நீண்ட முனைக்குப் போனாலும் 2.8-லேயே நிற்கும் லென்சுகளும் உண்டு. அவை எடையிலும் விலையிலும் நமக்கு எட்டாதவை. கடையில் பார்த்து ஏங்கவேண்டாம்.

வெளிச்சம் குறைவதோடு நிற்பதில்லை. செம்பனைக் குலை வெட்டும் நீளக் கம்பைப் பிடித்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். அடியில் கை ஓர் அங்குலம் அசைந்தால் நுனியிலுள்ள அரிவாள் எத்தனை தூரம் ஆடுகிறது! சூம் லென்சும் அப்படித்தான். 18-இல் தெரியாத கை நடுக்கம் 200-இல் படத்தையே கலக்கிவிடும். இதற்குப் புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது. குவியத் தூரம் எவ்வளவோ, ஷட்டர் வேகம் ஒரு வினாடியில் அத்தனையில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். 200 மில்லிமீட்டர் என்றால் 1/200 வினாடி. நம்மவர்கள் வாங்கும் டிஜிட்டல் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் உணர்தகடு பிலிம் சட்டத்தைவிடச் சிறியது. ஆதலால் ஒன்றரை மடங்காக்கி 1/300 என்று வைத்துக்கொள்வது நலம்.

பிடிக்கும் முறையும் உண்டு. பலர் கேமராவின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் பிடிக்கிறார்கள். அது தவறு. இடது உள்ளங்கை லென்சின் அடியிலே ஏந்தினாற்போல் இருக்கவேண்டும். அந்தக் கையின் விரல்களே சூம் வளையத்தைத் திருப்பும். இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானைத் தட்டாமல் மெல்ல அழுத்தவேண்டும். பக்கத்தில் தூணோ மரமோ இருந்தால் தோளைச் சாய்த்துக்கொள்ளலாம். ரப்பர் மரத்துக்கு இதைவிட நல்ல உபயோகம் ஒன்று உண்டு, இருந்தாலும் இதற்கும் அது உதவும்.

நடுக்கத்தைத் தடுக்கும் ஏற்பாடு சில லென்சுகளுக்குள்ளேயே இருக்கிறது. கழற்றி மாட்டும் லென்சுகளில் அது 1995-இல் வந்தது. நம் கை ஆடுவதை அது தடுக்கும். எதிரே ஆடுகிறவரை அது நிறுத்தாது. காவடி ஆடுகிறவர் கலங்கித்தான் தெரிவார். இதை மறந்துவிட்டு ஏமாந்தவர்கள் பலர்.

தீமிதியை எடுத்துக்கொள்வோம். சூம் லென்சுக்கு இதைவிடக் கடினமான சோதனை இல்லை. மாலை மங்கும் நேரம். பக்தர் வேகமாக வருகிறார். நாம் கயிற்றுக்கு வெளியே தூரத்தில் நிற்கிறோம். 200-க்குத் திருப்பினால் துவாரம் 5.6. ஓடுகிறவரை உறையவைக்க 1/500 வேண்டும். அந்த வெளிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ. எண்ணை 6400-க்கும் மேலே ஏற்றவேண்டி வரும். படமெங்கும் மணல் தூவியது போல் புள்ளி விழும். பிளாஷ் போடலாமே என்பீர்கள். கேமராவிலேயே உள்ள சிறிய பிளாஷ் சில மீட்டருக்கு மேல் எட்டாது. பக்தரின் கண்ணுக்கும் அது இடைஞ்சல்.

வழி வேறு. கோயில் செயலவையினரிடம் முன்கூட்டியே சொல்லி, குழியின் முடிவில் பால் குழி இருக்கும் பக்கத்திலே இடம் பிடிக்கவேண்டும். நடந்து கிட்டே போனபின் 55 போதும். துவாரமும் கொஞ்சம் கூடத் திறக்கும். நெருப்பைக் கடந்து வந்தவர் பாலில் கால் வைத்ததும் ஒரு கணம் நிற்பார். முகத்திலே களைப்பும் ஆறுதலும் ஒன்றாகத் தெரியும் கணம் அது. அப்போது 1/125 கூடப் போதும். கோயிலின் பெரிய விளக்குகள் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு நிற்கவேண்டும். ஐ.எஸ்.ஓ. 3200-ஐ ஏற்றுக்கொள்ளலாம். புள்ளி விழுந்த படத்தைப் பாட்டியிடம் காட்டலாம். கலங்கிய படத்தைக் காட்டமுடியாது.

எங்கே நிற்கிறோம் என்பது இன்னொரு வகையிலும் முக்கியம். பத்துமலையிலே 272 படிகள் இருக்கின்றன. 2006-இல் திறக்கப்பட்ட முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம். சிலையின் அருகே நின்று 18-இல் எடுத்தால் சிலை வானளாவும், படிகள் பின்னே சிறுத்துப்போகும். வெகுதூரம் பின்னால் வந்து 200-இல் எடுத்தால் படிகள் சுவர் போல எழுந்து நிற்கும். அதில் ஏறும் மக்கள் ஒருவர்மேல் ஒருவர் அடுக்கியது போலத் தெரிவார்கள். இது லென்சின் மாயம் என்று சொல்வார்கள். உண்மையில் நாம் நிற்கும் தூரந்தான் காரணம். சூம் அந்தக் காட்சியைப் பெரிதாக்கித் தருகிறது, அவ்வளவே. ஆகவே முதலில் காலால் இடத்தைத் தேடுங்கள், பிறகு வளையத்தைத் திருப்புங்கள்.

முகத்துக்கும் இதே கணக்கு. தாத்தாவை 18-இல் கிட்டே போய் எடுத்தால் மூக்குப் பெருத்து, காது பின்னே போய்விடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 55-இல் எடுத்தால் அவர் அவராகவே இருப்பார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு, மூன்று தலைமுறையாக அங்கே இருந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். உங்கள் லயம் இன்னும் நிற்குமானால், அதை எடுக்க நீண்ட லென்ஸ் வேண்டியதில்லை. 18-இலோ 24-இலோ வைத்து, வீட்டு வரிசை முழுவதும், கோடியிலுள்ள கோயிலும் மரமும் தெரியுமாறு காலை வெயிலில் எடுங்கள். வாசலில் அந்த வீட்டுக்காரர் நிற்கட்டும். ஆனால் படத்தின் ஓரத்தில் ஆளை நிறுத்தக்கூடாது. அகன்ற முனை ஓரத்தில் நிற்பவரை இழுத்துப் பருமனாக்கிவிடும். பிறகு நீண்ட முனைக்குத் திருப்பி, பால் வெட்டும் கத்தி, தேய்ந்த வாசற்படி, சுவரில் பிள்ளைகளின் உயரம் குறித்த கோடு இவற்றையும் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு முறை வளையத்தைத் திருப்பிய பிறகும் மறுபடி போக்கஸ் செய்யவேண்டும். இக்காலத்து லென்சுகளில் பெரும்பாலானவை திருப்பியதும் போக்கஸ் விலகிவிடும்.

கருவியைப் பேணும் முறைக்கு வருகிறேன். நம் நாட்டில் லென்சைக் கொல்வது கீழே விழுவதைவிட ஈரந்தான். காற்றில் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அந்த ஈரத்தில், அலமாரியின் இருட்டிலே, கண்ணாடிக்குள் பூசணம் முளைக்கும். சிலந்தி வலை போன்ற நூல்கள் முதலில் தெரியும். நாளடைவில் அது கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பிறகு துடைத்தாலும் வடு போகாது. தோலுறையும் துணி அலமாரியும் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பவை, அங்கே வைக்கவே கூடாது. பாச்சை உருண்டை பூச்சிக்கானது, ஈரத்துக்கன்று. அரிசியில் புதைக்கும் வழக்கமும் வேண்டாம். அரிசி மாவு வளையத்தின் இடுக்கில் புகுந்துவிடும்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, உள்ளே சிலிகா ஜெல் மணிகள், கூடவே ஈரமானி ஒன்று, இவை போதும். ஈரப்பதம் 40-க்கும் 50-க்கும் இடையே இருக்கட்டும். ஆரஞ்சு நிற மணிகள் ஈரம் ஏறியதும் கரும்பச்சையாகும். நீல மணிகள் இளஞ்சிவப்பாகும். சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்குத் திரும்பும். நீல மணிகளில் உள்ள கோபால்ட் உப்பு நஞ்சு. ஆகவே சமைக்கும் சட்டி வேண்டாம், பிள்ளைகள் கைக்கும் எட்டக்கூடாது. மாதம் ஒருமுறையாவது லென்சை வெளியே எடுத்துப் படம் எடுங்கள்.

சூம் லென்ஸ் நீண்டு சுருங்கும்போது துருத்தி போலக் காற்றை உள்ளே இழுக்கும். செம்மண் சடக்கில் லாரி போன புழுதியில் அதை நீட்டிச் சுருக்க வேண்டாம். லென்ஸ் மாற்றும்போது கேமராவை நிறுத்தி, வாய் கீழ்நோக்கியிருக்குமாறு பிடித்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று, புள்ளிக்குப் புள்ளி பொருத்தித் திருப்பவேண்டும். கண்ணாடியில் தூசு இருந்தால் ரப்பர் ஊதியால் ஊதுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். வேட்டி நுனியால் துடைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். குளிர்சாதன வண்டியிலிருந்து இறங்கியதும் கேமராவைத் திறந்தால் ஆவி படியும். பிளாஸ்டிக் பையில் கட்டி அரை மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு எடுப்பது நல்லது.

ஒருவர் பயன்படுத்திய லென்சை வாங்கப் போகிறவர்கள் கைவிளக்கு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து விளக்கடித்து முன்னால் சாய்த்துப் பாருங்கள். நூல்நூலாகவோ பனிப்படலம் போலவோ தெரிந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். வளையத்தை இரு முனைக்கும் திருப்பிப் பாருங்கள். மணல் அரைபடும் ஓசை கேட்கக்கூடாது. லென்சைக் கீழ்நோக்கிப் பிடித்தால் குழாய் தானே வழிந்து இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். கடையிலேயே இரு முனையிலும் இரண்டிரண்டு படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுங்கள். வீட்டிலுள்ள லென்சில் பூசணம் தெரிந்தால் அதை மற்றவற்றோடு ஒரே டப்பாவில் வைக்காமல், மேற்பூச்சை அரிக்குமுன் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோகவேண்டும்.