ரிலீவர் வந்தாரா?

ஷிப்ட் முடித்த கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் துறைமுகத் தோழர்களே, ஆலைத் தோழர்களே, வேலை நேரம் என்றால் என்னவென்று வடசென்னைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1918-ல் பின்னி ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டிச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பெரம்பூரில். 1923-ல் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியது இதே நகரத்துக் கடற்கரையில். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சரே அறிவித்தார். இவ்வளவு பழக்கப்பட்ட நாம், அரசு ஆஸ்பத்திரியில் விடிய விடிய நிற்கிற செவிலியரும் பயிற்சி மருத்துவரும் எத்தனை மணி நேரமாக நிற்கிறார்கள் என்று மட்டும் கேட்பதில்லை. அது அவர்கள் பாடு என்று விட்டுவிடுகிறோம். கட்டிலில் படுத்திருக்கிற நம் ஆளின் உயிர் அந்த மணிக்கணக்கில்தான் தொங்குகிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

சான்று இல்லாமல் சொல்லவில்லை. 1997-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் கலந்தவரைப் போலத் தடுமாறுகின்றன என்று அது காட்டியது. நம் மோட்டார் வாகனச் சட்டம் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே லாரியை நிறுத்திவிடும். துறைமுகச் சாலையில் கன்டெய்னர் ஓட்ட அனுமதிக்காத நிலையில் இருப்பவரை வார்டில் ஊசி போடச் சொல்லலாமா? விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு மருந்துத் தட்டை நினைத்துப் பாருங்கள். பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும் வெறும் தண்ணீர் ஆம்பியூலும் அருகருகே கிடக்கும். இரண்டிலும் நிறமில்லாத நீர்தான், எழுத்தோ பொடி எழுத்து. பொட்டாசியத்தை டிரிப்பில் கலந்து மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும். கலக்காமல் நேரே நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்கிற கண்ணுக்குத் தூக்கம் வேண்டாமா? தூக்கம் மட்டுமல்ல, ஆள் பலமும் கணக்கில் வருகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழு 2002-ல் வெளியிட்ட முடிவு இது: ஒரு செவிலியர் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை முடித்தவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறுகிறது.

இந்தப் பகுதியில் அந்தச் சுமை எப்போது ஏறும் என்று சொல்லவும் முடியாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறியவர்கள் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கும் வந்தார்கள். அந்த நேரத்தில் கை கொடுப்பது நைட் டூட்டியில் இருப்பவர்கள்தான். 1782-ல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அந்த மருத்துவமனை. இன்றும் பெரியவர்கள் வாயில் அது கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். வந்தவரை அது திருப்பி அனுப்பாது. திருப்பி அனுப்பாத இடத்தில்தான் ஆள் கூடுதலாக இருக்க வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு. ஷிப்டைக் குறைத்தால் கைமாற்றம் கூடும், கைமாறும்போது தகவல் விட்டுப்போகும் என்கிறார்கள் மூத்த மருத்துவர்கள். நியாயமான அச்சம். அமெரிக்காவில் 117 அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களில் நடந்து 2016-ல் வெளியான சோதனையில், ஷிப்ட் நீளத்தைத் தளர்த்தியும் நோயாளிகளுக்குக் கூடுதல் கேடு வரவில்லை என்பதும் உண்மை. ஆனால் அங்கே வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பை யாரும் தொடவில்லை, அதற்குள்தான் தளர்த்தினார்கள். கைமாற்றத்துக்கும் மருந்து இருக்கிறது. சொல்ல வேண்டியதை வரிசை மாறாமல் சொல்லி ஒப்படைக்கும் முறையை ஒன்பது மருத்துவமனைகளில் பழக்கியபோது தவறுகள் 23 சதவீதம் குறைந்ததாக 2014-ல் வெளிவந்தது. கிரேனை ஒப்படைக்கும்போது நீங்கள் சொல்லிவிட்டுத்தானே இறங்குகிறீர்கள்?

இன்னொரு மறுப்பு, இது தொண்டு, மணி பார்க்கலாமா என்பது. இந்தப் பேச்சைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. தொண்டு என்று சொல்லித்தான் செவிலியர்களை ஒப்பந்தத்தில் வைத்து, தொகுப்பூதியத்தில் ஓட்டி, 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து போராட வைத்தோம். பணமில்லை என்பார்கள். தவறான ஊசியால் ஐ.சி.யூ.வில் கூடுதலாகக் கிடக்கும் பத்து நாளுக்கும் அதே கஜானாதானே கொடுக்கிறது? புதுச் சட்டம்கூட வேண்டாம். பயிற்சி மருத்துவருக்குத் தொடர்ந்து 12 மணி நேரம், வாரம் 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992-லேயே எழுதிவிட்டது. ‘வேலையின் அவசரத்தைப் பொறுத்து’ என்று கூடவே எழுதியதால் ஓட்டை விழுந்தது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு.

ஆகவே இந்தக் கூட்டம் ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று கேட்கிறேன். ஒவ்வொரு வார்டு வாசலிலும் ஒரு கரும்பலகை வைக்க வேண்டும். இந்த ஷிப்டில் நோயாளிகள் இத்தனை பேர், செவிலியர்கள் இத்தனை பேர், டூட்டி டாக்டர் நின்றுகொண்டிருப்பது இத்தனையாவது மணி நேரம் என்று மூன்று வரி எழுத வேண்டும். முதல் பலகையை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையின் பிரசவ வார்டு வாசலில் மாட்டச் சொல்லிக் கேட்போம்.