நோவில்லாமல் கசியும் இரத்தம்

(மருத்துவமனை நண்பர்கள் ஐக்கியக் கூடுகையில் ஆற்றிய உரை)



இன்று ஒரு மாத்திரையைக்குறித்துப் பேசும்படி வந்திருக்கிறேன். போதகருக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகுதான் நான் வார்டுக்குள் போகிறேன். வெள்ளைக் கோட்டுக்கு முன்பாகச் சொல்லக் கூசும் காரியங்களை வியாதியஸ்தர்கள் என்னிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். அவற்றில் ஒன்று, "ஐயா, வெளிக்குப் போனா தார் மாதிரி கறுப்பாப் போகுது. டாக்டரம்மாகிட்ட இதை எப்படிச் சொல்றது?" என்பது.

கூடுகையில் இதைப் பேசுவதா என்று முகம் சுளிக்காதிருங்கள். பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்தில், சபைக் காரியங்களின் நடுவே, அவருடைய வயிற்றைக்குறித்தும் எழுதத் தயங்கவில்லை.

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டாலே பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் முழுவதும் சரியல்ல. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தினால் நடக்கமுடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார்கள். சில நாட்களுக்குள் அந்தப் பெண் எழுந்து நடந்தாள். இந்த ஆராய்ச்சிக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கு 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் ஆஸ்துமா கடுமையாகும்போது மூச்சைக் காப்பதும், தொழுநோயாளிக்கு ரியாக்ஷன் வரும்போது கை கால் நரம்புகள் செத்துப்போகாமல் தடுப்பதும் இந்த மருந்துதான். 2020-இல் கொரோனா காலத்தில், ஆக்ஸிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரைக் காக்க டெக்ஸாமெத்தசோன் உதவுகிறது என்று இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. ஆகவே மருந்தைத் தூஷிக்க நான் வரவில்லை.

ஸ்டீராய்டு வயிற்றில் புண்ணையும் இரத்தக்கசிவையும் உண்டாக்குமா என்று மருத்துவர்கள் பல ஆண்டுகள் வாதாடியிருக்கிறார்கள். 1991-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் முதியவர்களை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு. ஸ்டீராய்டு மட்டும் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுப்புண் ஆபத்து அதிகம் கூடவில்லை. ஆனால் ஸ்டீராய்டோடு வலி மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு, இரண்டையும் சாப்பிடாதவர்களைவிட ஆபத்து ஏறத்தாழ 15 மடங்கு! 2014-இல் நார்வே நாட்டு ஆய்வாளர்கள் 159 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் 33,000-க்கு மேற்பட்டோர் இருந்தார்கள். ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு இரத்தக்கசிவோ குடலில் ஓட்டையோ ஏற்படும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. மருத்துவமனையில் படுக்கையாய் இருந்த கடும் நோயாளிகளிடத்தில்தான் இது தெளிவாகத் தெரிந்தது. வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இது மிகவும் அபூர்வமாயிருந்தது.

வலி மாத்திரை என்று நான் சொல்லுவது டைக்ளோபினாக், ஐபுப்ரோபன், ஆஸ்பிரின் போன்றவை. வயிறு தன் அமிலத்தினாலே தன்னையே அரித்துக்கொள்ளாதபடி உள்ளே ஒரு வழவழப்பான பூச்சு உண்டு. வலி மாத்திரை அந்தப் பூச்சைக் குறைக்கிறது. சிறு புண் உண்டானால் சரீரம் அதைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஸ்டீராய்டு அந்த ஆறுதலைத் தாமதப்படுத்துகிறது. வேலியைப் பிரிக்கிறவன் ஒருவன், அடைக்க வருகிறவன் கையைப் பிடித்துக்கொள்ளுகிறவன் இன்னொருவன். இதைவிடக் கவலையான காரியம், ஸ்டீராய்டு நோவையும் அமுக்கிவிடும். வயிற்றில் புண் இருந்தும் எரிச்சல் தெரியாமலிருக்கலாம். பசி நன்றாக எடுக்கும். முகம் உப்பிப் பளபளப்பாகும். பார்க்கிறவர்கள், "உடம்பு தேறிட்டீங்களே" என்பார்கள்.

அப்படியே தேறினதாக எண்ணப்பட்ட ஒரு தாயாரைக் கேளுங்கள். வயல் வேலை செய்து முழங்கால் தேய்ந்தவர். அவருடைய மகன் டவுனில் வேலை முடிந்து வரும்போது, ஒரு கடையில் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரைகளை வாங்கி வருவான். வேளைக்கு மூன்று மாத்திரை. எதற்கும் பெயர் கிடையாது. முதல் வாரத்திலேயே அம்மா களை எடுக்கப் போய்விட்டார்கள். மாதக்கணக்கில் இப்படியே நடந்தது. பிறகு மலம் கறுத்தது. சுகாதார நர்ஸ் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டு வந்தபடியால், அதினால்தான் என்று இருந்துவிட்டார்கள். இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், மெய்தான். ஆனால் இரத்தம் கலந்தால் தார்போல ஒட்டும், நாற்றம் வேறுவிதமாயிருக்கும். ஒருநாள் குழாயடியில் குடத்தோடு சாய்ந்துவிட்டார்கள்.

இங்கே வரும்போது உதடு வெளுத்து, நாடி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். எண்டோஸ்கோப்பி குழாயில் பார்த்தபோது சிறுகுடலின் தொடக்கத்தில் புண் தெரிந்தது. பொட்டலத்தில் மீதியிருந்ததைப் பார்த்த டாக்டர், ஒன்று டெக்ஸாமெத்தசோன், ஒன்று டைக்ளோபினாக் என்றார். தாயார் பிழைத்துக்கொண்டார்கள். மகன்தான் வராந்தாவில் உட்கார்ந்து, "என் சம்பளத்துல நானே விஷம் வாங்கிக் குடுத்தேனே ஐயா" என்று அழுதான். அவனுக்கு நான் சொன்னது இதுதான்: "தம்பி, நீ வாங்கினது அம்மா வலியைப் பொறுக்கமாட்டாமல். பெயர் சொல்லாமல் விற்றவர்கள் சுமக்கவேண்டியதை நீ சுமக்காதே." அவன் கேட்டுக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது. அன்று இரவு தன் இரத்தத்தையும் கொடுத்துவிட்டுப் போனான்.

மருத்துவர் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு மாத்திரை விற்கக்கூடாது என்பது சட்டம். ஆனாலும் பொட்டலம் கிடைக்கிறது. "இங்கிலீஷ் மருந்தே இல்லை, சுத்த மூலிகை" என்று விற்கப்பட்ட சில பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. பல வருஷத்து மூட்டுவலி இரண்டே நாளில் மாயமாய் மறைந்தால் சந்தேகப்படுங்கள்.

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், டாக்டர் கொடுத்த மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்! இந்த எச்சரிப்பை மிகவும் அழுத்திச் சொல்லுகிறேன். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிடும்போது, சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி தன் வேலையை நிறுத்தித் தூங்கிவிடும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து, வாந்தியும் மயக்கமும் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டல மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கும் இது பொருந்தும். டாக்டர்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும்.

புதிதாக ஸ்டீராய்டு எழுதிக்கொடுத்தால், முன்பு வயிற்றுப்புண் இருந்ததா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். இருதயத்துக்குச் சாப்பிடும் சின்ன ஆஸ்பிரினும் கணக்கில் சேரும். அதையும் நீங்களாக நிறுத்தவேண்டாம், சொன்னால் போதும். வயதானவர்களுக்கும் முன்பு புண் இருந்தவர்களுக்கும் பான்டப்ரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வேண்டுமா என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள்.

மலம் தார்போலப் போனாலும், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுத்தாலும், எழுந்து நிற்கும்போது கண் இருட்டினாலும் விடியட்டும் என்று காத்திராதேயுங்கள். இராத்திரியானாலும் வாருங்கள், வரும்போது மாத்திரைச் சீட்டையும் பொட்டலத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். டாக்டரிடம் சொல்ல வெட்கமாயிருந்தால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். அதுவும் கூடாதென்றால், மாலை நாலு மணிக்குமேல் நான் வார்டில்தான் இருப்பேன்.