அணை திறக்கும் நாள் தெரியாதபோது சங்கத் தலைவர் என்ன சொல்ல வேண்டும்?



மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். ஆனால் 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-லோ ஜூலை 28 வரை காத்திருந்தோம். இத்தகைய ஆண்டுகளில் பாசன சங்கத் தலைவர், செயலாளர்களின் பொறுப்பு பெரிது.

"நிச்சயமாகத் தெரியாததை எப்படிச் சொல்வது?" என்று பலர் வாய் திறப்பதில்லை. தலைவர் பேசாவிட்டால் டீக்கடை பேசும். நான் சென்ற ஒரு கிராமத்தில், 'அடுத்த வாரம் தண்ணீர்' என்ற பேச்சை நம்பிப் பலர் குறுவைக்கு நாற்று விட்டிருந்தார்கள். தண்ணீர் வரவில்லை. குறுகிய கால ரக நாற்றை 25 நாளுக்குள் நட்டாக வேண்டும்; முற்றிய நாற்று சரியாகத் தூர் கட்டாமலே கதிர் தள்ளிவிடும். செயலாளருக்கோ அணையின் நீர்மட்டம் தினமும் தெரிந்தே இருந்தது!

ஆகவே உறுப்பினர்களைக் கூட்டுங்கள். இன்றைய நீர்மட்டம் இவ்வளவு, திறப்புத் தேதி அறிவிக்கப்படவில்லை, வரும் வெள்ளிக்கிழமை மறுபடி கூடுவோம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். புதுச் செய்தி இல்லாவிட்டாலும் அந்த வெள்ளியன்று கூடுங்கள். கடைமடைக்காரரை முதலில் பேச விடுங்கள். தண்ணீர் தவறினால் நஷ்டம் முதலில் அவருக்குத்தான். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் நாற்று விடலாம், மற்றவர்கள் பொறுத்திருந்து சம்பாவுக்கு நேரடி விதைப்பு செய்யலாம் என்று அங்கேயே பேசி முடிவெடுக்கலாம். பின்னர் முடிவு மாறினால், ஏன் மாறியது என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.