உறங்கப் போகுமுன்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



காலையில் எழுந்ததும் பல் துலக்குவதும் நீராடுவதும் நம் ஊர்களில் எவரும் சொல்லித் தர வேண்டாத வழக்கங்கள். இரவு படுக்கப் போகுமுன் செய்ய வேண்டியவற்றை மட்டும் நாம் அத்துணைப் பொருட்படுத்துவதில்லை. நாளெல்லாம் வயலில் உழைத்தவர் உண்டதும் பாயைத் தேடுவது இயல்பே. ஆயினும் நோய்கள் சில, நாம் கண்ணயரும் வேளையையே தமக்கு ஏற்ற வேளையாகக் கொண்டிருக்கின்றன. ஆதலின் அதனைப் பற்றியே இன்று பேசக் கருதினோம்.

முதலில் குழந்தைகள். இரவில் குழந்தை உறக்கமின்றிப் புரண்டு, ஆசனவாயைச் சொறிந்துகொண்டிருந்தால், இனிப்பு மிகுதியாகத் தின்றதன் பயன் என்று பாட்டிமார் கூறுவர். உண்மை வேறு. கீரிப்பூச்சி என்னும் வெண்ணூல் போன்ற புழு, குழந்தை உறங்கிய பின்னரே குடலினின்று வெளிப்பட்டு ஆசனவாயைச் சுற்றி முட்டையிடுகிறது. அரிப்பெடுக்கவே குழந்தை சொறிகிறது; முட்டைகள் நகக்கண்ணில் ஏறுகின்றன; விடிந்ததும் அக்கையே வாய்க்குப் போகிறது. பாயிலும் போர்வையிலும் உதிர்ந்தவை உடன் படுத்திருக்கும் தம்பி தங்கையரையும் சென்றடைகின்றன. நகத்தை ஒட்ட வெட்டி, படுக்குமுன் உள்ளாடை மாற்றி, எழுந்தவுடன் கழுவிவிட்டுச் சோப்பிட்டுக் கையையும் கழுவினால் இச்சுற்று அறுபடும். விரிப்புகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவதும் வேண்டும். பிப்ரவரி 10, ஆகஸ்டு 10 ஆகிய நாட்களை ஒட்டி அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வழங்கும் அல்பெண்டசோல் மாத்திரையைப் பெற்றோர் மறுத்தல் ஆகாது. மாத்திரை இருக்கும் புழுவைக் கொல்லும். வளர்ந்த நகமோ மறுபடியும் புழுவை அழைத்து வரும்.

சொறியும் குடும்பத்தோடு ஒழிக்க வேண்டிய நோயே. மருத்துவர் தரும் பெர்மெத்ரின் களிம்பை வீட்டிலுள்ளார் அனைவரும், அரிப்பு இல்லாதவர் உட்பட, ஒரே இரவில் கழுத்து முதல் உள்ளங்கால் வரை பூசிப் படுத்து, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒரு முறை பூசிக்கொள்வது நன்று. பிள்ளைக்குப் பூசித் தாய் பூசாதிருந்தால் களிம்பின் விலை வீண்.

இனி, வயலில் மருந்து தெளித்தவர்கள். பூச்சிமருந்து மூக்கின் வழியே மட்டும் உட்செல்வதன்று. தோலின் வழியாகவும் செல்கிறது. தெளித்த உடையோடு திண்ணையில் சாய்ந்து, பேரக்குழந்தையை மார்பில் கிடத்திக்கொள்வோரை நாம் பல ஊர்களில் காண்கிறோம். சோப்பிட்டுக் குளித்து, உடை மாற்றிய பின்னரே குழந்தையைத் தொடுக. அவ்வுடையைப் பிறர் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

கால் கழுவுதல் நம் முன்னோர் வழக்கந்தான். ஆனால் ஒரு செம்பு நீரை மேலே ஊற்றிவிட்டு வருவது கழுவுதல் ஆகாது. விரலிடுக்கைத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைக்க வேண்டும். நீரிழிவு உடையவர் உள்ளங்காலையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுதல் நலம். அவர்களுக்கு முள் தைத்ததும் தெரியாது, புண் பட்டதும் தெரியாது. யானைக்கால் நோயால் வீங்கிய காலுக்கு நாள்தோறும் சோப்பும் நீரும் இட்டுக் கழுவி உலர்த்துவதே, காய்ச்சலும் வீக்கமும் மீண்டும் மீண்டும் வாராமல் காக்கும் தலையாய சிகிச்சை. படுக்கும்பொழுது அக்காலைத் தலையணைமேல் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். இந்நோய்க்காக இரவில் வந்து இரத்தம் எடுக்கும் சுகாதாரப் பணியாளரை அகால வேளையில் வந்ததாகக் கடிந்துகொள்வோர் உண்டு. அந்நோயின் இளம்புழுக்கள் இரவிலேயே மேல் இரத்தத்திற்கு வருகின்றன என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பது உறுப்பினர்களின் கடமை.

பல் துலக்குவதைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. உறக்கத்தில் எச்சில் ஊறுவது குறைகிறது. ஆகவே பல்லில் தங்கிய உணவு இரவில்தான் மிகுந்த கேடு செய்கிறது. பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையை உறங்கவிடுவதும் கூடாது. ஆனால் இதனினும் பெரிய தீங்கொன்று உண்டு. அதனைப் பற்றி நாம் கூசிப் பேசாதிருந்துவிடுகிறோம். பெரியவர்கள் பலர், தாய்மார் உள்ளிட்டோர், புகையிலையைக் கன்னத்தில் அடக்கியபடியே உறங்குகிறார்கள். நாள் முழுதும் மெல்லுவதே கேடு. ஓரிடத்திலேயே இரவெல்லாம் ஊறும் புகையிலை அவ்விடத்தை அரித்து, வெள்ளைத் திட்டாக்கி, சிலருக்குப் புற்றுநோயாகவே முடிகிறது. பழக்கத்தை ஒரே நாளில் விட இயலாதவரும் படுக்குமுன் உமிழ்ந்து வாய் கொப்பளிக்கலாம். கன்னத்திலோ நாவிலோ இரண்டு வாரத்தில் ஆறாத புண் இருப்பின், வலி இல்லை என்று வாளாவிராமல் அரசு மருத்துவமனைக்குச் செல்க.

கொசுவலையின் பயனை யாவரும் அறிவர். அதன் மற்றொரு பயன் பலர் அறியாதது. கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குவாரைக் கடிப்பது. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. விடியலில் வயிற்றுவலி, இமை தூக்க முடியாமை எனத் தொடங்கி மூச்சே நின்றுவிடும். இக்குறிகள் கண்டால் பல்லின் தடத்தைத் தேடிக்கொண்டிராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகிப் படுத்தால் கொசுவோடு இப்பாம்பும் தடைபடும். செருகாத வலையால் பயன் குறைவே.

உறுப்பினர்களுக்கு ஒரு சொல். மேற்கூறியவற்றுள் பெரும்பாலானவை மாலையில் தண்ணீர் இருந்தால்தான் நடக்கும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து காலையில் மட்டும் நீர் திறந்துவிட்டு, வயலிலிருந்து திரும்புவோரைக் கால் கழுவச் சொல்லுவதில் நியாயமில்லை. குடத்து நீரைக் குடிக்கவும் சமைக்கவும் காத்து வைக்கும் பெண்கள் அதனைக் காலுக்கு ஊற்றமாட்டார்கள்; ஊற்றாததும் சரியே. கிடைக்கும் நீரையே இரு வேளையாகப் பகிர்ந்து, மாலை ஐந்து மணிக்குமேல் அரைமணி நேரமேனும் திறக்க இயலுமா என்று தொட்டி இயக்குபவரோடு கலந்து பாருங்கள். கடைசித் தெருவுக்கும் அந்நீர் எட்டுகிறதா என்பதை நேரில் சென்று காணுங்கள். எட்டவில்லையெனில், குழாயின் குறையா, தொட்டியின் குறையா என்பதைக் குறித்து, வரும் கிராம சபையில் பொருளாக வையுங்கள். தீர்மான நகலை நம் அலுவலகத்திற்கு அனுப்பினால் பொறியாளரோடு நாமே வந்து பார்ப்போம்.