பஞ்சு எடுத்த கையும் நூல் நூற்ற கையும்

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா என்றொரு ராஜ்யம் இருக்கிறது. அதன் சரித்திரம் பெரும்பாலும் பஞ்சின் சரித்திரம். அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

முதலில் பூமியைப் பார்ப்போம். வடக்கே மலைகள். அங்கே இரும்புத் தாதும் நிலக்கரியும் சுண்ணாம்புக் கல்லும் அருகருகே கிடைத்தன. அதனால் 1871-ல் பர்மிங்ஹாம் என்ற இரும்பாலை நகரம் எழுந்தது. தெற்கே மொபீல் துறைமுகம். நடுவே கரிய மண். அந்நாளில் பஞ்சு பெருமளவில் விளைந்தது அங்கேதான்.

அந்த மண் யாருடையது? கிரீக் முதலிய பூர்வகுடிகளுடையது. 1814-ல் போரில் தோற்ற கிரீக் மக்களிடமிருந்து அமெரிக்க அரசாங்கம் 2 கோடி ஏக்கருக்கு மேல் எழுதி வாங்கிக் கொண்டது. 1819-ல் அலபாமா தனி ராஜ்யமாயிற்று. தோட்ட முதலாளிகள் அடிமைகளோடு வந்து இறங்கினார்கள். 1860-ல் அங்கிருந்த 9 லட்சத்து 64 ஆயிரம் பேரில் 4 லட்சத்து 35 ஆயிரம் பேர் அடிமைகள்!

1865-ல் அடிமை முறை ஒழிந்தது. ஆனால் நிலம் கைமாறவில்லை. விடுதலை பெற்றவர்கள் அதே நிலத்தில் வாரத்துக்கு உழுதார்கள். விதையும் மாவும் துணியும் கடன். கணக்குப் புத்தகம் முதலாளி கையில். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கிதான் நிற்கும். ஏழை வெள்ளையர் பலரும் இதே வலையில் விழுந்தார்கள்.

இந்த இரு சாராரும் ஒன்று சேர்ந்து ஓட்டுப் போட்டால் தோட்ட முதலாளிகளின் கதி என்ன? 1901-ல் புதிய அரசியல் சட்டம் செய்தார்கள். வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டுவதே நோக்கம் என்று அந்தச் சபையின் தலைவர் ஜான் நாக்ஸ் பகிரங்கமாகவே சொன்னார். ஓட்டுப் போட எழுத்தறிவோ சொத்தோ வேண்டும். ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வரியும் கட்ட வேண்டும். கட்டாத வருஷத்துப் பாக்கியும் சேர்ந்து கொள்ளும். 36 டாலர் வரை ஏறும். ஏழை வெள்ளையன் இதைக் கட்ட முடிந்ததா? கறுப்பின மக்களுக்கென்று செய்த பூட்டு அவன் வீட்டுக் கதவிலும் தொங்கிற்று!

ஜவுளி மில்களில் பெரும்பாலும் வெள்ளையரையே வேலைக்கு வைத்தார்கள். "நீ உயர்ந்தவன்" என்று தட்டிக் கொடுத்தார்கள். கூடவே ஆளுக்கு இத்தனை தறி என்பதையும் ஏற்றிக்கொண்டே போனார்கள். 1934 ஜூலையில் ஹண்ட்ஸ்வில் முதலிய ஊர்களில் சுமார் 20 ஆயிரம் பேர் மில்லை விட்டு வெளியேறினார்கள். செப்டம்பரில் வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவியது. மூன்று வாரங்களில் முறிக்கப்பட்டது.

அதே காலத்தில் வயலிலும் போராட்டம். 1931-ல் டல்லபூசா வட்டாரத்தில் கறுப்பின வாரக் குடியானவர்கள் கம்யூனிஸ்டுகளின் துணையோடு சங்கம் கண்டார்கள். அந்த ஜூலையிலேயே காம்ப் ஹில்லில் ரால்ஃப் கிரே என்ற தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1932 டிசம்பரில் ஜப்திக்கு வந்த அதிகாரிகளை எதிர்த்து நின்ற நெட் காப் 12 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்தார். 1935-ல் 100 பவுண்டு பஞ்சு எடுக்க 1 டாலர் கூலி கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது.

கவனியுங்கள், தோழர்களே! பஞ்சு எடுத்த கையும் நூல் நூற்ற கையும் ஒரே ராஜ்யத்தில், ஒரே காலத்தில் போராடின. ஆனால் தனித்தனியே போராடின, தனித்தனியே அடிபட்டன.

பூட்டு எப்படி உடைந்தது? 1955 டிசம்பரில் மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்து 381 நாள் நடந்தே வேலைக்குப் போனார்கள். ஜீஸ் பெண்ட் என்ற ஆற்றோரக் கிராமத்தில், நைந்த வேலைத் துணிகளைத் துண்டு சேர்த்துப் போர்வை தைத்து வாழ்ந்த ஏழைகள். ஓட்டுப் பதிவுக்கு அக்கரைக்குப் போகத் துணிந்தார்கள். 1962-ல் பரிசலே நிறுத்தப்பட்டது. 2006-ல்தான் அது திரும்ப ஓடிற்று! அவர்கள் தைத்த போர்வைகளை இன்று அருங்காட்சியகங்களில் மாட்டிவைத்திருக்கிறார்கள். 1965 மார்ச்சில் செல்மா பாலத்தில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது. அவர்கள் மீண்டும் நடந்தார்கள். அந்த ஆண்டே வாக்குரிமைச் சட்டம் வந்தது. 1966-ல் ஓட்டு வரியைக் கோர்ட்டு ரத்து செய்தது.

ரத்தானது யாருக்கு? கறுப்பினத்தாருக்கு மட்டுமா? இல்லை, ஏழை வெள்ளையனுக்கும்தான். யாரைத் தாழ்ந்தவர் என்று அவன் ஒதுக்கி வைத்தானோ, அவர்களே அடிபட்டு, உயிர் கொடுத்து, அவன் கதவுப் பூட்டையும் உடைத்தார்கள்.

அலபாமா சொல்லும் பாடம் இதுதான்.