பிரேக்கில் கரையும் டீசல்

(நொச்சிக்குப்பத்தில் பேசியது)

 

கலங்கரை விளக்கத்திலிருந்து சாந்தோம் வழியாகப் போகிற பஸ்ஸைத் தினமும் பார்க்கிறோம். எத்தனை தடவை நின்று கிளம்புகிறது! அதில் என்ன நஷ்டம்? ஜனங்களோடு 15 டன் கனமுள்ள பஸ் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால், அந்த ஓட்டத்தில் சுமார் கால் யூனிட் மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. பிரேக்கை மிதித்ததும் அது அத்தனையும் சூடாகிக் காற்றோடு போய்விடுகிறது. மறுபடி அந்த வேகத்தைப் பிடிக்க 60, 70 மில்லி டீசல் எரிய வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நிறுத்தம், எத்தனை சிக்னல் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

டீசலையும் மின்சாரத்தையும் ஒரே வண்டியில் சேர்ப்பது புதிதல்ல. 1964 முதல் காசித் தொழிற்சாலை கட்டித் தந்த ரயில் என்ஜின்களில் டீசல் யந்திரம் ஜெனரேட்டரைச் சுற்றும். சக்கரத்தை மோட்டார் சுற்றும். வேகத்தைக் குறைக்கும்போது அதே மோட்டார் மின்சாரம் தரும். ஆனால் சேமிக்க இடமில்லை. கம்பிச் சுருளில் சூடாக்கி வீசிவிடுவார்கள்.

அந்த இடத்தில் பாட்டரியை வைத்தால் அதுதான் ஹைபிரிட் வண்டி. கிளம்பும்போது மோட்டார் தள்ளும். டீசல் யந்திரத்தை அதற்குத் தோதான சுமையில் ஓட்டலாம். சும்மா நின்று புகைய வேண்டியதில்லை. நம் சென்னை அசோக் லேலண்ட் 2010ல் டில்லிக் கண்காட்சியில் ஒரு ஹைபிரிட் பஸ்ஸைக் காட்டியது. 2018ல் பம்பாய்க்கு டாடா கம்பெனியின் 25 ஹைபிரிட் பஸ்கள் வந்தன.

எப்போது யந்திரம், எப்போது பாட்டரி? இதைத் தீர்மானிப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதன் வேலை ஏரியின் மதகுக்காரர் வேலைதான். மழைக்கு முன் ஏரி தளும்பி நின்றால் வருகிற வெள்ளம் கலங்கல் வழியே வீண். வறண்டு கிடந்தால் நாற்றுக்குத் தண்ணீரில்லை. பாட்டரி நிறைந்திருக்கும்போது பஸ் மேம்பாலத்திலிருந்து இறங்கினால், கிடைக்கிற மின்சாரத்தை வைக்க இடமில்லை. அதனால் எப்போதும் கொஞ்சம் காலியாகவே வைப்பார்கள். நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடும் லாரிக்கு இதனால் பெரிய லாபமில்லை. பாட்டரியின் கனத்தைச் சுமப்பதுதான் மிச்சம்!

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். நம் பஸ் டிப்போக்களில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று டிரைவரிடம் கணக்குக் கேட்கிறார்கள். நெரிசலில் பிரேக் தின்ற டீசலையும் அவர் தலையிலேயே கட்டுவது என்ன நியாயம்? ஹைபிரிட் வண்டியில் பாதித் தீர்மானம் கம்ப்யூட்டருடையது. அதை வேறு யாரோ எங்கேயோ உட்கார்ந்து அமைக்கிறார்கள். அப்படியானால் அந்தப் பதிவைத் தொழிலாளியும் பார்க்க வேண்டாமா?

2025 ஜூன் 30ல் வியாசர்பாடி டிப்போவிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. அவற்றில் டீசலே இல்லை. பிரேக்கில் மின்சாரம் பிடிப்பது மட்டும் அதே முறை. டீசல் மெக்கானிக்குக்கு இதில் பழக்கமில்லாத ஓர் ஆபத்து இருக்கிறது. ஆரஞ்சு நிறக் கம்பியில் பல நூறு வோல்ட் ஓடுகிறது. சாவியை எடுத்தபின்னும் பாட்டரியில் சக்தி நிற்கிறது. ஆகவே ஸ்பானரைக் கையில் கொடுக்குமுன் பயிற்சியும் ரப்பர் கையுறையும் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறோம்.