ஆளை இழுக்கும் சிறு எஞ்சின்

விளையாட்டு ரயில் என்றதும் சாவி கொடுத்தால் ஓடும் தகர வண்டியே நம் நினைவுக்கு வரும். ஆனால், நிலக்கரியை எரித்து, மெய்யான நீராவியால் ஓடி, வளர்ந்தவரையும் இழுத்துச் செல்லும் சிறு எஞ்சின்களும் உண்டு. பிரிட்டனில் இவற்றைச் செய்து ஓட்டுவோர் பெரிதும் விரும்பும் தண்டவாள அகலங்கள் 5 அங்குலமும் 7¼ அங்குலமுமே ஆகும்.

இத்துணைச் சிறிய நிலக்கரிக் கொதிகலம் ஆளை இழுக்குமா என்று 1920-களில் அங்கே பெரும் வாதம் எழுந்தது. எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதிய லாரன்ஸ் என்பார், 2½ அங்குலப் பாதையில் ஓடிய தம் ‘ஆயிஷா’வைக் கொண்டு இழுக்கும் என்று மெய்ப்பித்தார்.

எஞ்சின் சிறியதாகலாம், ஆவியின் வெம்மை சிறியதாவதில்லை. வால்ட் டிஸ்னி 1950-ல் தம் வீட்டுத் தோட்டத்தில் ஏறத்தாழ அரை மைல் பாதை அமைத்து மகிழ்ந்தார். 1953-ல் எஞ்சின் கவிழ்ந்து, ஆவி பட்டு ஒரு சிறுமி புண்பட்டாள். அத்துடன் அவர் அந்த ரயிலை நிறுத்திவிட்டார்.

ஆகவேதான், புதிய கொதிகலத்தில் நீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல் இருமடங்கு ஏற்றிச் சோதிக்கின்றனர். நீர் எளிதில் அமுங்காது. ஆதலால், ஒட்டு விட்டாலும் கசியுமேயன்றிப் பெரிதாக வெடிக்காது. ஓடும்போதோ, ஓட்டுபவர் நீர்மட்டக் கண்ணாடியை மறக்கலாகாது. நீர் குறைந்தால் தீயறையின் மேல்தகடு காய்ந்து கெடும்.

நாம் பொழுதுபோக்கு என்று சொல்வது, பின்னால் ஒரு குழந்தை ஏறி அமர்ந்ததும் பொறுப்பாகிவிடுகிறது.